ஏசிதான் சார், வேற ஒண்ணும் இல்ல

கையக் காட்டுங்க சார். இப்படி, இந்த வென்டுக்கு நேரா. இருங்க, வண்டி இப்பத்தான ரிங் ரோட்டத் தாண்டுது, ஒரு நிமிஷம் குடுங்க. ம்... இப்ப? எப்படி இருக்கு? ஐஸ் பெட்டிக்குள்ள கைய விட்ட மாதிரி இருக்கா இல்லையா? மணி ரெண்டரை. வெளிய பாருங்க, ரோடு பூராவும் தண்ணி ஓடுற மாதிரி மினுங்குது. இந்தச் சித்திர வெயில்ல, பன்னெண்டு வருசத்துப் பழைய டீசல் வண்டியில, இப்படி ஒரு கூலிங்க நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? உள்ளதச் சொல்லுங்க சார். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

இந்தா இருக்கு பாருங்க குட்டி மீட்டரு, இது மீன் தொட்டிக்குள்ள போடுறது. ஒயரு நுனிய வென்டுக்குள்ள விட்டு வச்சிருக்கேன். என்ன காட்டுது? எட்டு. எட்டு டிகிரி சார். போன மாசம் ஷோரூமுல இருந்து எறக்குன புது வண்டிக்காரன் ஒருத்தன், ஸ்டாண்டுல நம்ம பக்கத்துலதான் நிப்பான், அவன் வண்டியில வச்சுப் பாத்தேன். பதினொண்ணு. அவன் மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே.

என்ன பண்ணேன்னு எல்லாரும் கேப்பாங்க. நீங்களும் கேட்டீங்க. மறைக்கிறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல சார். பானெட்டத் தொறந்தீங்கன்னா ஏசிக்குன்னு ரெண்டு பைப்பு ஓடும். ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. பெருசு குளுந்த பைப்பு. தொட்டா ஜில்லுன்னு இருக்கும், மேல தண்ணி முத்து முத்தாக் கோத்து நிக்கும். ஆனா அது எது பக்கத்துல ஓடுது? கொதிக்கிற இஞ்சின ஒட்டி. அப்ப என்னாகும்? பாதிக் குளிர இஞ்சின் சூடு தின்னுரும். கம்ப்ரசர் பாவம், விடாம ஓடிக்கிட்டே இருக்கும். அது ஓடுனா டீசலு போகும். அந்தப் பெரிய பைப்பு மேல கறுப்பு ஃபோம் குழாய் போட்டு, வீட்டு ஏசி மாட்டுறவங்க போடுவாங்கள்ல, அதே குழாய்தான், அதுக்கு மேல வெள்ளி டேப்ப இறுக்கிச் சுத்தி விட்டேன். சைலன்சர் பக்கத்துல மட்டும் சூடு தாங்குற வேற டேப்பு. அவ்வளவுதான். குளிரு வெளிய போகாது, சூடு உள்ள வராது. கம்ப்ரசர் சீக்கிரம் கட்டாயி நின்னுரும். லிட்டருக்கு ஒண்ணரை கிலோமீட்டர் கூட வருது.

சிக்கந்தர் பாய்னு ஒருத்தர், கார் ஏசி மெக்கானிக்கு, மதுரையில கடை வச்சிருக்காரு. அவரே நம்பல. "அதுல அவ்வளவெல்லாம் வராதுண்ணே, டயருக்குக் காத்து அடிச்சீங்களா?"ன்னு கேட்டாரு. காத்தும் அடிச்சேன்தான். அதுக்காக? பைப்புதான் சார். எனக்குத் தெரியாதா?

ஆனா ஒண்ணு சொன்னாரு. பெரிய பைப்ப மட்டும் மூடுங்க, கம்ப்ரசர்ல இருந்து வர்ற அந்தச் சின்ன பைப்பத் தொட்றாதீங்க. அது கொதிக்கும், அதோட சூடு வெளிய போகணும், அதையும் சேத்து மூடுனா உள்ளயே கொதிச்சு வண்டி கெட்டுரும்னாரு. நான் அப்படியே கேட்டுக்கிட்டேன். சொன்னத சொன்னபடி செய்யிற ஆளு நான். எம் மக அதத்தான் நம்ப மாட்டேங்குறா.

எம் மக எங்கூடப் பேசிப் பதினோரு மாசமாச்சு சார். இந்தப் பைப்புதான் காரணம். சிரிக்காதீங்க. நீங்க பெரிய மனுசனாத் தெரியுறீங்க, நாலு எடம் போய் வர்றவரு. நான் பூராவும் சொல்றேன், என் மேல தப்பு இருந்தா நீங்களே சொல்லுங்க.

என் வீட்டுக்காரி பேரு சௌந்தரம். அருப்புக்கோட்டையில எங்க தெருவுல பாதிப் பேரு தறிக்காரங்க. அவளும் சின்ன வயசுல இருந்து தார் சுத்துறவ. நூலக் கட்டையில சுத்திச் சுத்தி அவ விரலு நுனியெல்லாம் காச்சுப் போயிருக்கும். போன வருசம் தை மாசம் கால் வீங்குச்சு, மூஞ்சி வீங்குச்சு, பாத்தா ரெண்டு கிட்னியும் போச்சுன்னுட்டாங்க. வாரத்துக்கு மூணு நாளு டயாலிசிஸ். மதுரையில ஒரு ஆஸ்பத்திரி. திங்கள், புதன், வெள்ளி. அம்பது கிலோமீட்டர் போகணும், அம்பது கிலோமீட்டர் வரணும். இதே ரோடுதான் சார். இப்ப நாம போறோமே, இதே ரோடு. சவாரியெல்லாம் விட்டுட்டேன் அந்த மூணு நாளும். எவன் கூப்பிட்டாலும் வர முடியாதுன்னுருவேன். ஊர்ல கேளுங்க, இந்தத் தவமணி மாதிரி பொண்டாட்டியப் பாத்துக்கிட்டவன் எவன்னு கேளுங்க.

ரத்தத்தச் சுத்தம் பண்ணணும்னா அதுக்குக் கையில ஒரு ஆபரேசன் பண்ணுவாங்க. நரம்பு தடிச்சு வரணுமாம். அது வர்றதுக்கு ரெண்டு மூணு மாசமாகும். அதுவரைக்கும் கழுத்துல குழாய். இங்க, இந்தக் காறை எலும்புக்கு மேல, ரெண்டு வால் தொங்குற மாதிரி ஒரு குழாய். உள்ள நேரா நெஞ்சு வரைக்கும் போகுமாம். மேல பிளாஸ்திரி ஒட்டி விட்டுருப்பாங்க. மொத நாளே அங்க இருந்த ஜெபா சிஸ்டர் என்னக் கூப்பிட்டு வச்சுச் சொன்னாங்க. "அண்ணே, இதுல தண்ணி படக்கூடாது. வேர்வை படக்கூடாது. வேர்வை பட்டு பிளாஸ்திரி பிரிஞ்சா கிருமி உள்ள போயிரும். வெயில் காலம் வேற வருது, பாத்துக்கங்க"ன்னாங்க.

வேர்வை படக்கூடாது. சிஸ்டர் சொன்னது அது. இன்னொண்ணும் சொன்னாங்க, அத அப்பறம் சொல்றேன்.

நான் என்ன பண்ணேன்? அன்னைக்கே கண்ணாடிய ஏத்துனேன், ஏசியப் போட்டேன். இவ என்ன பண்ணா? அமத்திட்டா! "ஏங்க, கண்ணாடிய எறக்கி விடுங்க, காத்து வரட்டும், எனக்கு எதுக்கு ஏசி"ங்குறா. அவ கண்ணு பூராவும் அந்த டீசல் முள்ளு மேலதான் இருக்கும் சார். நம்ம சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னு பாக்க மாட்டா, அவளுக்குத்தான் உப்பே கூடாதே, ஆனா முள்ளு எவ்வளவு எறங்குச்சுன்னு பாப்பா. நான் போடுறது, அவ அமத்துறது. நான் போடுறது, அவ அமத்துறது. இப்படியே பங்குனி போச்சு. ஒரு நாளு பிளாஸ்திரி ஓரமெல்லாம் வேர்வையில நனைஞ்சு நிக்குது. இவகிட்ட வாயால சொல்லிப் பிரயோசனமில்ல, டீசலு போகலன்னு கண்ணால காட்டுனாத்தான் ஏசியில உக்காருவான்னு அப்பத்தான் இந்தப் பைப்பு வேலையில எறங்குனேன். அவளுக்காகப் பண்ணேன் சார். நல்லாக் கேட்டுக்கங்க. எனக்காகவோ சவாரிக்காகவோ இல்ல.

அந்த ஞாயித்துக்கெழம காலையில வீட்டு வாசல்ல வண்டிய விட்டு, பானெட்டத் தொறந்து, சுத்த ஆரம்பிச்சேன். இவ ஒரு பிளாஸ்டிக் சேரப் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. கொஞ்ச நேரத்துல பொறுக்க முடியல. "இது என்ன சுத்து? ஆம்பள சடை பின்னி விட்ட மாதிரி இருக்கு! இங்குட்டு வாங்க"ன்னு எந்திரிச்சு வந்துட்டா. தார் சுத்துன கை இல்லையா. டேப்ப அவ வாங்கி, பாதிக்குப் பாதி ஏறுற மாதிரி, ஒரு சுருக்கம் இல்லாம, சும்மா பாம்புச் சட்டை மாதிரி சுத்துனா பாருங்க. நான் பைப்பப் பிடிச்சுக்கிட்டேன். "எடைவெளி விட்டா அது வழியாப் போயிரும்ங்க"ன்னு எனக்கே பாடம் எடுக்குறா. அன்னைக்குச் சிரிச்சா சார். தை மாசத்துக்கு அப்பறம் அவ சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்.

அப்பறம் டேங்க் ஃபுல் பண்ணி, ஓட்டி, மறுபடி ஃபுல் பண்ணிக் கணக்குப் போட்டுக் காமிச்சேன். ஒண்ணரை கிலோமீட்டர் கூட. அதுக்கப்பறம்தான் ஏசியில உக்காந்தா. மீட்டரு வாங்கி மாட்டுனேன். பைப்பு சுத்தாத பழைய வண்டியில பதிமூணு பதினாலு காட்டும், இதுல எட்டு ஒம்பதுன்னு வந்து நின்னுச்சு. கழுத்துல பொட்டு வேர்வை கெடையாது. பிளாஸ்திரி ஒட்டுனது ஒட்டுன மாதிரி இருக்கும். சொன்னேன்ல சார், சொன்னத சொன்னபடி செய்யிற ஆளு.

இப்ப வர்றது காரியாபட்டி. இந்தப் பக்கத்துலதான் ஒரு புதன்கெழம, ஆஸ்பத்திரி முடிஞ்சு திரும்பி வர்றோம், இவ மொதத் தடவையா நடுங்குனா. பல்லு கடகடன்னு அடிக்குது. "ஏங்க, குளிருதுங்க"ங்குறா. நான் மீட்டரப் பாத்தேன். ஒம்பது. எனக்கு வந்த சந்தோசம் இருக்கே! வெளிய நூத்திமூணு டிகிரி வெயிலு, மாடு கூட ரோட்டுல நிக்கல, எம் பொண்டாட்டி வண்டிக்குள்ள குளிருதுன்னு நடுங்குறா. "பாத்தியா, வேணாம் வேணாம்னியே"ன்னு நான் சிரிக்கிறேன். ஒரு பாயிண்டு கொறச்சு வச்சேன். வீட்டுக்குப் போயும் கொஞ்ச நேரம் போத்திப் படுத்திருந்தா. அப்பறம் சரியாப் போச்சு. மறுநாளு ஒரு போர்வை வாங்கிட்டு வந்தேன், கட்டம் போட்டது, கனமா நல்ல போர்வை. பின் சீட்டுல போட்டு வச்சேன்.

வெள்ளிக்கெழம போறோம். அங்க ஒரு வழக்கம் சார். படுக்கையில ஏத்துறதுக்கு முன்னாடி சிஸ்டர் ஒவ்வொருத்தரா வந்து கேப்பாங்க. எடை பாப்பாங்க, பிரசர் பாப்பாங்க, மூச்சு வாங்குதா, கால் வீக்கம் இருக்கா, போன தடவ போனதுக்கப்பறம் குளிரு காய்ச்சலு நடுக்கம் ஏதும் இருந்துச்சான்னு வரிசையாக் கேப்பாங்க. எப்பவும் நான்தான் பதில் சொல்லுவேன். இவளுக்குக் கூச்சம், ஆஸ்பத்திரியில வாயத் தொறக்க மாட்டா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான், ரேசன் கடையில இருந்து கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் அவளுக்கும் சேத்து நான்தான் பேசுறது. அன்னைக்கு சிஸ்டர் நடுக்கம் இருந்துச்சான்னு கேட்டாங்க. இவ, "புதன்கெழம..."ன்னு ஏதோ ஆரம்பிச்சா. நான் சிரிச்சுட்டேன். "அது ஏசி சிஸ்டர்! நம்ம வண்டி ஏசி! பைப்புக்கெல்லாம் ஃபோம் போட்டுச் சுத்தியிருக்கேன், எட்டு டிகிரி வருது"ன்னேன். சிஸ்டரும் சிரிச்சாங்க. தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தாங்க, காய்ச்சல் இல்ல. பிளாஸ்திரியப் பிரிச்சுப் பாத்தாங்க, வெளிய சுத்தமா இருக்கு. "ஏசியக் கொறச்சு வைங்கண்ணே, பாவம் அக்கா"ன்னு சொல்லிட்டு, அந்தத் தாள்ல இல்லைன்னு டிக் அடிச்சுட்டுப் போயிட்டாங்க.

ஆமா சார். அன்னைக்கு மொத நாளு சிஸ்டர் சொன்ன இன்னொண்ணு அதுதான். குளிரு, நடுக்கம், காய்ச்சல், இதுல எது வந்தாலும் அர்த்த ராத்திரின்னாலும் உடனே கூட்டிட்டு வந்துருங்கன்னு சொல்லித்தான் இருந்தாங்க. ஆனா அது நோய் நடுக்கத்துக்குச் சொன்னது. இது ஏசி நடுக்கம். ரெண்டும் ஒண்ணா?

என்ன சார், கேக்குறேன், வெளிய பாக்க ஆரம்பிச்சுட்டீங்க?

அன்னைக்குத் திரும்பி வர்றப்பவும் நடுங்குனா. போறப்ப இல்ல. போறப்பவும் அதே ஏசிதான், அதே எட்டு டிகிரிதான். போறப்ப நல்லாத்தான் உக்காந்து வருவா, வெளிய வேடிக்கை பாத்துக்கிட்டு. அங்க போய் அந்தக் குழாயில மிசினு மாட்டி, நாலு மணி நேரம் ரத்தம் ஓடி, முடிஞ்சு திரும்பி வர்றப்பதான் நடுக்கம் வரும். ஏன் அப்படிப் பாக்குறீங்க? எம் மகளும் இதக் கேட்டப்ப இப்படித்தான் பாத்தா. ஒடம்பு அசந்திருக்கும்ல சார். அசந்த ஒடம்புக்குக் குளிரு சீக்கிரம் ஏறும். நான் அப்படித்தான் நெனச்சேன்.

அடுத்த புதன்கெழம ரொம்ப ஆயிருச்சு. அதோ தெரியுது பாருங்க, அந்த வேப்ப மரம், அதுக்குக் கீழ ஒரு டீக்கடை. இப்ப சாத்திக் கெடக்கு. அங்கதான் வண்டிய ஓரங்கட்டுனேன். ஏசிய அமத்திட்டேன் சார். இஞ்சினயும் அமத்திட்டேன். நாலு கதவயும் தொறந்து விட்டேன். அனல் காத்து உள்ள வீசுது, எனக்கு முதுகெல்லாம் ஊத்துது. இவ போர்வைக்குள்ள கெடந்து உதறுறா. சீட்டே ஆடுது. டீக்கடைக்காரம்மா டீயக் கொண்டாந்து குடுத்துட்டு, "என்னண்ணே, குளுரு காச்சலா?"ன்னு கேட்டுச்சு. "இல்லக்கா, ஏசி ஒத்துக்கல"ன்னேன். ஒரு பத்து நிமிசம் பாத்தேன், நிக்கல. எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுமா சார்? அந்தப் பைப்பு இருக்குல்ல, ஃபோம் போட்டதுக்கப்பறம் இஞ்சின அமத்துனாலும் அதுல ரொம்ப நேரம் குளிரு நிக்கும். நானே தொட்டுப் பாத்திருக்கேன். அந்த மாதிரி இவ ஒடம்புல ஏறுன குளிரு போர்வைக்குள்ள நின்னுக்கிட்டிருக்கு, எறங்க நேரமாகும்னு நெனச்சேன்.

தொட்டுப் பாக்கணும்னு தோணல.

பைப்பத் தொட்டுப் பாத்தவன் இவளத் தொட்டுப் பாக்கல. இல்ல, இப்படி நான் சொல்லல, எம் மக சொன்னது இது. டீய நான் நீட்டுனேன், அவ கை நடுங்குச்சுன்னு டம்ளர் விளிம்பப் பிடிச்சுக் குடிக்க வச்சேன். விரலு பட்டிருந்தாக் கூடத் தெரிஞ்சிருக்கும். படல. குடிச்சுட்டு, "ஏங்க, திரும்பி ஆஸ்பத்திரிக்கே போவமா"ன்னு கேட்டா. கேட்டா சார். அவ கேட்டத நான் இல்லைங்கல. "எதுக்கு, திரும்பவும் முப்பது கிலோமீட்டரு, வீட்டுக்குப் போனாச் சரியாயிரும், நாளன்னைக்குத்தான் வரப்போறோம்ல"ன்னேன். சரின்னுட்டா. நான் எது சொன்னாலும் சரிம்பா.

வெள்ளிக்கெழம சிஸ்டர் கேட்டாங்களான்னு கேக்குறீங்களா? கேட்டாங்க. நான், "ஏசியப் பாதியாக் கொறச்சுட்டேன் சிஸ்டர்"ன்னேன். இவ சொவத்தப் பாத்துப் படுத்திருந்தா.

சனிக்கெழம பூராவும் எந்திரிக்கல. கூப்பிட்டா "ம்"னு மட்டும் சொன்னா. ஞாயித்துக்கெழம காலையில எம் மக ஓசூர்ல இருந்து வந்தா. பிருந்தான்னு பேரு, அங்க கம்பெனியில வேலை. வந்தவ செருப்பக் கூடக் கழட்டல, நேரா உள்ள போயி அவங்கம்மா நெத்தியில கைய வச்சா. வச்ச கையச் சட்டுன்னு எடுத்துட்டா. "அப்பா, அம்மாவுக்கு அடுப்பு மாதிரி கொதிக்குதுப்பா!"ன்னு ஒரு சத்தம் போட்டா பாருங்க, பக்கத்து வீட்டுல தறி நின்னு போச்சு.

அன்னைக்கு நான் ஓட்டுன ஓட்டம் எமன் கூட ஓட்டியிருக்க மாட்டான். நாப்பது நிமிசம். எம் மக பின்னாடி அவங்கம்மாவ மடியில போட்டுக்கிட்டு, "ஏசியப் போடுங்கப்பா, ஒடம்பு சுடுது"ங்குறா. அப்பத்தான் ஏசி வேணும்னு சொன்னாங்க சார், அப்பத்தான். போட்டேன். எட்டு டிகிரி. ஒரு கொறையும் சொல்ல முடியாது, வண்டி அதோட வேலையச் செஞ்சுச்சு.

டாக்டரு ஒரு கேள்விதான் கேட்டாரு. "எத்தனை நாளா நடுக்கம் இருக்கு?" எம் மக என்னப் பாத்தா. நான், "பத்துப் பதினோரு நாளா டாக்டர், ஆனா அது ஏசி..."ன்னு ஆரம்பிச்சேன். அவரு நிமுந்து கூடப் பாக்கல. ரத்தத்துல கிருமி பரவிருச்சு, அந்தக் குழாய் வழியாத்தான், மொத நடுக்கத்துலயே வந்திருந்தா மருந்து குடுத்துக் குழாய மாத்தியிருப்போம்னு எழுதிக்கிட்டே சொன்னாரு. மூணு நாளு ஐசியூவுல வச்சிருந்தாங்க. புதன்கெழம போயிட்டா. அவளோட டயாலிசிஸ் நாளு. அதே ரோட்டுல கூட்டிட்டு வந்தோம், ஆம்புலன்ஸ்ல. நான் பின்னாடியே என் வண்டியில வந்தேன். பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. வாசல்ல டொம்முன்னு சத்தம். போயிப் பாத்தா பானெட்டத் தொறந்து வச்சிருக்கா பிருந்தா. கையில காய்கறி நறுக்குற கத்தி. அந்தப் பைப்புல சுத்தியிருந்த டேப்பு, ஃபோமு எல்லாத்தயும் கிழிச்சுக் கிழிச்சுத் தெருவுல வீசுறா. "ஏம்மா, அது உங்கம்மா சுத்துனதும்மா!"ன்னு ஓடுனேன். அதக் கேட்டதும் நின்னுட்டா. கையில இருந்த துண்டப் பாத்தா. அப்பறம் என்னப் பாத்தா. "வண்டிக்குத் தெர்மாமீட்டர் வாங்கி மாட்டுனீங்களேப்பா. அம்மாவுக்கு ஒண்ணு வாங்குனீங்களா?"ன்னு கேட்டா.

அதுதான் எங்கிட்ட அவ கடைசியாப் பேசுனது. அடுத்த மாசம் வருசத் தெவசம். வரச் சொல்லி ஆளு விட்டுத் தாக்கல் சொல்லியிருக்கேன். போன் அடிச்சா எடுக்குறதில்ல. வருவாளா மாட்டாளான்னு தெரியல. நான் என்ன சார் தப்புப் பண்ணேன்? வேர்வை படக்கூடாதுன்னாங்க, படாமப் பாத்துக்கிட்டேன். ஒரு சொட்டு வேர்வை பட்டுச்சுன்னு எவனாவது சொல்லட்டும்.

பைப்பா? மறுபடி சுத்திட்டேன். அந்த வாரமே சுத்திட்டேன். அவ சுத்துன துண்டுகள்ல ஒரு அடி நீளத்துக்குக் கிழியாமத் தப்பிச்சது ஒண்ணு கெடச்சுச்சு, அத அப்படியே அதே எடத்துல வச்சு, மிச்சத்துக்குப் புதுசு போட்டேன். என் சுத்து அவ சுத்து மாதிரி வரல. ஆனா எட்டு டிகிரி வருது.

என்ன சார், வென்ட அங்குட்டுத் திருப்புறீங்க? குளிருதா? கைய ரெண்டயும் கட்டிக்கிட்டீங்க. நெசமாவே குளிருதா? மொதல்லயே சொல்ல வேண்டியதுதான. பின் சீட்டுல பாருங்க, போர்வை இருக்கு. கட்டம் போட்டது. எடுத்துக்கங்க, தொவச்சுத்தான் வச்சிருக்கேன்.

இருங்க. இருங்க சார், ஓரமா நிறுத்திக்கிறேன். ஒண்ணும் இல்ல, ஒரு நிமிசம். நெத்தியக் கொஞ்சம் காட்டுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, யாரு குளிருதுன்னு சொன்னாலும் நான் தொட்டுப் பாத்துருவேன். பொம்பளையாளுங்கன்னா, அவங்களோட வந்தவங்களத் தொட்டுப் பாக்கச் சொல்லுவேன். பாக்காம வண்டிய எடுக்க மாட்டேன். சில பேரு திட்டிட்டு எறங்கிப் போயிருக்காங்க.

ம். சுடல. கழுத்தையும் காட்டுங்க. சுடல சார், சுடவே இல்ல.

உங்களுக்கு ஏசிதான்.